அம்மாவின் கையில் மூன்று எழுத்து

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் வியாதியைப் பற்றிப் பேசுவோம். அது தீர்ந்ததும் தழும்புகளுக்கு வந்துவிடுவோம். நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஒருத்திக்கு மாந்தத்துக்கு வயிற்றில் சூடு வைத்த வடு. இன்னொருத்திக்கு வளர்த்த காதை அறுத்துத் தைத்த முடிச்சு. ஒருவருக்குக் கெண்டைக்காலில் நாய் கடித்த குழி, அதைச் சொல்லும்போது நாய் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகும். என் உடம்பில் மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தோளில் அம்மைப்பால் குத்திய வட்டம் ஒன்றுதான். "கொடுத்து வைத்த தோல் உனக்கு" என்று போன மாதம் ஒருத்தி சொன்னாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இது என் வெட்கக்கேடு. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதல் யுத்தம் வருவதற்கு இரண்டு கோடைக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எட்டு வயது. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றோரமாக அரைநாள் நடந்தால் எங்கள் ஊர். நாங்கள் வேதத்தில் சேர்ந்த குடும்பம். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்திருந்தார்கள். அப்பா வண்டியடிக்கிறவர். தூத்துக்குடிக்குப் பஞ்சு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் நானும்தான். வேதத்தில் சேர்ந்ததும் அம்மா காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றிவிட்டாள். வெறுங்காது தோள்வரைக்கும் தொங்கும். காற்றடித்தால் அது ஆடும், அவள் அதைத் தூக்கி மயிருக்குள் சொருகிக்கொள்வாள். அவளுடைய இடது முன்கையின் உட்பக்கத்தில் பச்சை குத்தியிருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கை. அதனால் அதை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் எனக்கு வாசிக்க வந்துவிட்டது. எங்கள் ஊரில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே ஓலைக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாள் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் உபதேசியார் ஒருவரே. மணலில் விரல் தேய எழுதி, பிறகு சிலேட்டுக்கு வந்து, ஒரு நாள் திடீரென்று எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு சொல்லாகிவிட்டன. அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆகிவிட்டது. எண்ணெய்த் தகரத்தின் மேல் மூடி, கோயில் மணியின் விளிம்பு, வண்டிச் சட்டத்தில் அப்பா சுட்டு வைத்திருந்த இரண்டெழுத்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். எங்கள் ஊரில் வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு நாள் காலையில் அம்மா உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை ஏறி இறங்கும்போது அவள் கையும் ஏறி இறங்கியது. கையில் இருந்த பச்சைக் கோடுகள் சட்டென்று எழுத்துகளாகத் தெரிந்தன. நான் ஓடிப்போய் உலக்கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கையை நீட்டிக் காட்டினாள். மா, ட, ன. நான் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கடைசி எழுத்தில் புள்ளி இல்லை, எழுதினவருக்கு எழுதத் தெரியவில்லை, புள்ளி வைத்தால்தான் மாடன் என்று வரும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

அம்மாவின் முகம் என்னவோ போலாகிவிட்டது. "புள்ளி இல்லாட்டா அது அவன் பேரு இல்லியாட்டி?" என்று கேட்டாள்.

பேர்தான், புள்ளி மட்டும்தான் விட்டுப்போய்விட்டது என்று நான் பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். இன்னொருக்க வாசி என்றாள். வாசித்தேன். இன்னும் ஒருக்க என்றாள். பிறகு உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய், பானையிலிருந்து ஒரு பெரிய கருப்பட்டித் துண்டை உடைத்துக்கொண்டு வந்து என் வாயில் போட்டாள். என் படிப்புக்குக் கிடைத்த சம்மானம் என்று நினைத்துக்கொண்டு அதைச் சப்பினேன். தன் கையில் இருந்ததை அவள் வாழ்நாளில் முதன்முறையாகக் காதால் கேட்டாள் என்பது எனக்குப் புரிய எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

மாடன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சுடுகாட்டோரம் அவருக்குக் கோயில் உண்டு. வேதத்தில் சேர்ந்த பிள்ளைகள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பக்கூடாது என்பது உபதேசியார் கட்டளை. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவோம். ஒரு தடவை அப்படி ஓடி நான் வாய்க்காலில் விழுந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் உபதேசியார், பள்ளிக்கூடத்துக்கு வெளியே புதிதாக என்ன சொல்லை வாசித்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் சீமையிலிருந்து வந்த வர்ணப் படச்சீட்டுகள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்தப் பெட்டி திறக்கும். பையன்கள் விழித்தார்கள். நான் எழுந்து நின்று, மாடன் என்றேன்.

எங்கே என்று கேட்டார்.

"எங்கம்மா கையில, ஐயா."

உபதேசியார், உள்ளதை உள்ளபடி சொன்ன பிள்ளை என்று சொல்லிப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று ஏதோ கொட்டிக் கிடக்கும் தரையில், சிவந்த கன்னமுள்ள ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்பாள். ஓரமெல்லாம் தங்க வரி. உப்பளத்தில் எதற்கு ஆட்டுக்குட்டி என்று நான் யோசித்தேன். பனி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டை முகர்ந்தால் பெட்டியின் கற்பூர வாசனையும் புது மை வாசனையும் சேர்ந்து வரும். பிற்பாடு எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன், எதற்கும் அந்த வாசனை இல்லை.

மறுநாள் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரைக் கெட்டவராக நீங்கள் நினைத்துவிடக்கூடாது. வாந்திபேதி வந்த காலத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டபோது, மருந்துக் குப்பியோடு ஊர் ஊராக நடந்தவர். வாசலில் நின்றபடியே அம்மாவின் கையைக் காட்டச் சொன்னார். அம்மா முந்தானைக்குள் இருந்து கையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தொடாமல் குனிந்து வாசித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, நான் வாசித்தது சரிதான் என்று.

இந்தக் கையை நீட்டி நற்கருணை வாங்க முடியாது என்று சொன்னார். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். பாளையங்கோட்டை போர்டிங் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க வேண்டும் என்று அம்மா இரண்டு வருஷமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடுதாசி கொடுத்தால்தான் இடம் கிடைக்கும்.

"தாய் கையில பேய் பேர வச்சுக்கிட்டிருக்கா. பிள்ளைக்கு நான் என்னன்னு கடுதாசி எழுத?" என்றார்.

"ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் அம்மா. அதற்கு மேல் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் உபதேசியாரம்மா மணிக்கட்டு வரை கை வைத்த பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

மறுநாள் அம்மா துணி துவைக்க என்னையும் ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். பங்குனி மாசம். தாமிரபரணி ஒதுங்கி ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் பாறை சுட்டதால் கால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். குட்டி மீன்கள் வந்து விரலைக் கடித்தன. துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அம்மா சொன்னாள்.

"அது சாமி இல்லட்டி. உங்க அண்ணன்."

நான்தான் தலைச்சன் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன் இருந்திருக்கிறான். மாடனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்ததால் அந்தப் பேர். ஒன்றரை வயதில், நடந்து பழகி, சொப்புச் செம்பைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் திரிந்த காலத்தில், ஒரே பகலில் வாந்திபேதியில் போய்விட்டான். மூன்றாம் நாள் பச்சை குத்துகிறவள் தெருவில் போயிருக்கிறாள். அம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எழுதப் படிக்கத் தெரிந்த சித்தப்பா கரியால் கையில் பேரை எழுதிக்கொடுத்தார். அவர் பிறகு கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அகத்தியிலையும் மஞ்சளும் துணியில் சுற்றிக் கருக்கிய கரியைத் தாய்ப்பாலில்தான் குழைப்பார்கள். பாலுக்கு எங்கே போக என்று குத்துகிறவள் கேட்டாளாம். அம்மாவுக்கு அப்போது பால் கட்டி நெஞ்சு கல்லாக இருந்திருக்கிறது. குடிக்க ஆளில்லாத பால். அதைப் பீய்ச்சிக் கொடுத்திருக்கிறாள்.

வேதத்தில் சேர்ந்ததும் பழைய பேச்சு எதுவும் வீட்டில் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் மனசு தாங்காமல்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அவனுடைய துணி, செம்பு, அரைஞாண் எல்லாம் அவனோடு போய்விட்டன. மிச்சம் இருந்தது இந்த மூன்று எழுத்துதான்.

"ஐயாகிட்ட நீ சொல்லுட்டி" என்றாள் அம்மா. "அவன் பேர எடுத்தாலே எனக்கு அழுக வந்துருது. செத்ததுக்கு வாய்விட்டு அழுதா அதுக்கும் அவரு ஒரு குத்தம் சொல்லுவாரு. நீ படிச்ச பிள்ள. நீ சொன்னாக் கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். ஈரக் கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அந்தக் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது.

சொல்லத்தான் போனேன். நீங்கள் நம்ப வேண்டும். மறுநாள் வழியெல்லாம், எங்க அண்ணன் பேரு மாடன், எங்க அண்ணன் பேரு மாடன் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெட்டி வண்டி நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்திருந்தாள். ஐயா என்று நான் வாயெடுப்பதற்குள் உபதேசியார் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவள் முன்னால் நிறுத்தினார். வீட்டுக்குள் ஒளிந்திருந்த விக்கிரகத்தின் பேரைத் தானே வாசித்து வெளியே கொண்டுவந்த பிள்ளை இது என்றார். அந்த அம்மா என் தலையில் கை வைத்து, கொச்சைத் தமிழில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். என்னை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பையன்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி போன பிறகு உபதேசியார் என் பக்கம் திரும்பி, காலையில் என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்டார். அவருடைய மேசையின் மேல் அந்தத் தகரப்பெட்டி இருந்தது. நான் வாசித்தது தப்பு என்று ஆகிவிட்டால் படச்சீட்டைத் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல, ஐயா" என்றேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு குழந்தையின் பயம் என்று விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், சொன்னியாட்டி என்று. சொன்னேன் என்றேன். அண்ணன் பேர் என்று சொன்னாயா என்றாள். சொன்னேன் என்றேன். ஐயா என்ன சொன்னார் என்றாள். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஊதுகுழல் கையில் இருந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"யாரு பேரா இருந்தாலும் அழிக்கத்தான் வேணும்னாரு."

அம்மா ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்பை ஊதினாள்.

இரண்டு நாள் கழித்து, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், சுண்ணாம்பையும் துணி வெளுக்கிற காரத்தையும் குழைத்துக் கையில் அப்பித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மருவை எடுக்க அரிசியளவு வைக்கிற மருந்து அது. அவள் ஒரு சாண் நீளத்துக்கு வைத்துவிட்டாள். நான் வந்தபோது உரல் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள், பல்லில் சேலைத் தலைப்பு. கட்டை அவிழ்த்தபோது தோல் துணியோடு வந்தது. அந்த வாடையை எழுதப் பிடிக்கவில்லை. பத்து நாள் சீழ் கோத்து, காய்ச்சலில் பிதற்றினாள். நான்தான் வேப்பெண்ணெய் தொட்டு வைத்தேன். புண்ணில் எண்ணெய் வைக்கும்போது இன்னும் எழுத்து தெரிகிறதா என்று அவள் ஒவ்வொரு நாளும் கேட்பாள். முதலில், தெரியக்கூடாது என்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் அப்பா வந்தார். கையைப் பார்த்தார். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனவர் வெகு நேரம் தொழுவத்திலேயே நின்றார். மறுநாள் அம்மா நீளக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையை வலது கையால் தாங்கி நற்கருணை வாங்கினாள். ஆனி மாசம் உபதேசியாரின் கடுதாசியோடு நான் பாளையங்கோட்டைக்குப் போனேன். என் துணிப்பெட்டிக்குள் அந்தப் படச்சீட்டும் வந்தது. இரண்டு மழைக்காலத்துக்குள் பூச்சி அரித்து, சிறுமியின் முகம் போய், கடைசியில் ஆட்டுக்குட்டியும் போய்விட்டது.

நான் வாத்தியாரம்மா ஆனேன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரையே கல்யாணம் செய்துகொண்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுக்கும் நாளில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தடுமாறும். நான் சொல்லியிருந்தாலும் உபதேசியார் அழிக்கத்தான் சொல்லியிருப்பார் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தவர்களுக்காக உடம்பில் குறி குத்தக்கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறதே. அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. உபதேசியார் காலமான பிறகு, ஒரு நாள் உபதேசியாரம்மா பழங்கதை பேசிக்கொண்டிருந்தாள். வேறு ஊர்ச் சபையில் ஒரு கிழவி கையில் செத்த மகனுடைய பேர் இருந்ததாம். இவர் அதைப் பார்த்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும், அது பேர்தானே என்று விட்டுவிட்டாராம். "சாமி பேருன்னாத்தான் அவருக்கு ஆகாது, மத்தபடி இளகின மனசு" என்றாள். என் கையிலிருந்த காப்பி லோட்டாவைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

அப்போதும் நான் அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் அந்த உபதேசியாரின் சபையில் அதற்குப் பிறகு இருபது வருஷம் நற்கருணை வாங்கியிருந்தாள். தன் பிள்ளையின் பேர் என்று தெரிந்தும் அழிக்கச் சொன்ன மனுஷர் என்று நினைத்துக்கொண்டே வாங்கியிருக்கிறாள். அவரைப் பற்றி ஒரு சொல் குறையாகப் பேசியதில்லை. ஆனால் அவர் தெருவில் வந்தால் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

கடைசிக் காலத்தில் அம்மா என்னோடுதான் இருந்தாள். பார்வை மங்கிவிட்டது. ஒரு மத்தியானம் நல்ல நினைவோடு படுத்திருந்தாள். அவளுக்காக ஜெபிக்க வந்த சபை ஐயர், எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், கூடத்தில் என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கதவு, அதுவும் திறந்துதான் இருந்தது. அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ரவிக்கைக் கையை மேலே தள்ளி முன்கையைக் காட்டினாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் வெந்த தோல், பாலாடை போலச் சுருங்கி மினுங்கியது. ஒரு ஓரத்தில் மட்டும், அந்த 'ட'வின் முக்கு போல, பச்சையாக ஒரு சின்னக் கோடு மிஞ்சியிருந்தது.

"அன்னிக்கு ஐயாகிட்ட எப்படிட்டி சொன்ன?" என்றாள்.



"அவன் பேரச் சொல்லி, எங்க அண்ணன்னு சொன்னேல்லா. அதே மாதிரி சொல்லு. நான் ஒருக்கக் கேக்கணும்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவே இல்லையம்மா, அவர் அழிக்கச் சொல்லவே இல்லையம்மா என்று அவள் காலைப் பிடித்திருக்கலாம். ஐம்பதை நெருங்கிய பொம்பளை. என்னை அடிக்கப் போகிறாளா, சீட்டைப் பிடுங்கப் போகிறாளா? நான் கதவைப் பார்த்தேன். கூடத்தில் ஐயருடைய வெள்ளை அங்கி தெரிந்தது. குனிந்து, அம்மாவின் காதோரமாக, வாழ்க்கையில் முதன்முறையாக இன்னொருவர் கேட்க அதைச் சொன்னேன்.

"எங்க அண்ணன் பேரு மாடன்."

அம்மா காத்திருந்தாள். கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றாள். நான் மறுபடியும் கதவைப் பார்த்துவிட்டு, முன்னே சொன்ன அதே சத்தத்தில்தான் சொன்னேன். இந்தத் தடவை அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். முகத்தை என் பக்கம் திருப்பி, மங்கிய கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பையச் சொன்னா அவருக்கு எங்கனட்டி கேட்டிருக்கும்" என்றாள்.

பிறகு ரவிக்கைக் கையைத் தானே இழுத்து மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டாள்.